ஒற்றை வேட்டுவனும் கவைக்கொம்பு மானும்
(மேலை அமெரிக்கச் சமவெளியில் உணவு வேட்டையின் வரலாறு)

உணவைத் தேடிக்கொள்ளும் முறையும், தேடிய உணவைக் காத்து வைக்கும் முறையும் ஒரு சமுதாயத்தின் வரலாற்றைத் தம்முள் பொதிந்து வைத்துள்ளன. அரசர்களின் போர்களையும் ஆட்சி மாற்றங்களையும் கல்வெட்டுகள் கூறும். ஓர் இல்லத்தின் அடுக்களையும் அதில் உள்ள சேமிப்புப் பெட்டியும் கூறும் வரலாறு வேறு வகையினது. அவ்வரலாறு எளியது போலத் தோன்றினும் ஆழ்ந்து நோக்குவார்க்குப் பல உண்மைகளை உணர்த்த வல்லது.

வட அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ஆண்டுதோறும் செப்டம்பர், அக்டோபர்த் திங்கள்களில் ஒரு காட்சியைக் காணலாம். விடியுமுன் ஒருவர் தனியே தம் வண்டியில் புறப்படுகிறார். கையில் ஒரு துப்பாக்கி, பையில் ஓர் உரிமச் சீட்டு, வண்டியின் பின்புறத்தில் பனிக்கட்டி நிறைத்த பெட்டி ஆகியன உள்ளன. மரமற்ற பரந்த வெளியில் பல மணிநேரம் நடந்தும் ஊர்ந்தும் ஒரே ஒரு விலங்கை வீழ்த்துகிறார். பொழுது சாயுமுன் இறைச்சியுடன் வீடு திரும்புகிறார். வரும் குளிர்காலத்துக்கென வீட்டு ஃபிரீசரில் ஒரு பகுதி நிறைகிறது. ஒரு நாளில் முடிந்துவிடும் செயல் இது. ஆயினும் ஓர் ஆள் தனியே சென்று, முறையாக உரிமம் பெற்று, ஒரு முழு விலங்கின் இறைச்சியைத் தம் வீட்டளவில் காத்து வைத்தல் என்பது மிக அண்மைக் காலத்தில் தோன்றிய வழக்கமாகும். அது எவ்வாறு தோன்றிற்று, அதன்பொருட்டு யார் எதனை இழந்தனர், அது இனியும் நிலைக்குமா என்னும் வினாக்கள் ஆராயத்தக்கன.

பெயரும் பிறப்பும்

அவ்வேட்டைக்கு இலக்காகும் விலங்கை ஆங்கிலத்தில் 'பிராங்ஹார்ன்' என்பர். கவைத்த கொம்பினை உடையது என்பது பொருள். ஆதலின் அதனைக் கவைக்கொம்பு மான் எனத் தமிழில் வழங்குதல் பொருந்தும். உள்ளூர் மக்கள் அதனை 'ஆன்டிலோப்' என்றே அழைக்கின்றனர். உண்மையில் அது நம் நாட்டு இரலையோடு நெருங்கிய உறவுடையதன்று. தன் குடும்பத்தில் எஞ்சி நிற்கும் ஒரே இனம் அது. இன்று வாழும் விலங்குகளில் அதற்கு அணுக்கமான உறவுடையன ஆப்பிரிக்காவின் ஒட்டகச்சிவிங்கியும் ஒக்காப்பியும் ஆகும் என்பது விலங்கியலார் முடிவு. அதன் கொம்பமைப்பும் தனித்தன்மை வாய்ந்தது. மானின் கொம்பு முழுதும் உதிர்வது. இரலையின் கொம்பு உதிராதது. கவைக்கொம்பு மானுக்கோ உள்ளிருக்கும் எலும்பு நிலைத்து நிற்க, மேலுறை மட்டும் ஆண்டுதோறும் கழன்று விழுகிறது.

ஐரோப்பிய வழிவந்த அறிவியலுலகம் இவ்விலங்கை முறையாக அறிந்தது 1804ஆம் ஆண்டில்தான். லூயிஸ், கிளார்க் ஆகிய இருவர் தலைமையில் மிசௌரி ஆற்றின் வழியே மேற்கு நோக்கிச் சென்ற குழுவினர், அவ்வாண்டு செப்டம்பர் 14ஆம் நாள், இன்றைய தென் டக்கோட்டாப் பகுதியில் ஒன்றை வீழ்த்தினர். அதன் ஓட்டத்தைக் கண்டு வியந்த லூயிஸ், நாற்கால் விலங்கின் ஓட்டத்தைவிடப் பறவையின் பறப்புக்கே அதனை ஒப்பிடலாம் என்னும் கருத்துப்படத் தம் நாட்குறிப்பில் எழுதினார். அவர்கள் பாடம் செய்த தோலும் எலும்பும் 1805ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஜெபர்சனுக்கு அனுப்பப்பட்டன. பிலடெல்பியாவைச் சார்ந்த ஜார்ஜ் ஆர்டு 1815ஆம் ஆண்டில் அதற்கு அறிவியற்பெயர் சூட்டினார்.

லூயிஸின் வியப்பு மிகையன்று. மணிக்கு ஏறத்தாழ 88 கிலோமீட்டர் விரைவில் ஓடவல்லது இவ்விலங்கு. இன்று அந்நிலத்தில் வாழும் ஓநாயோ, கொயோட்டி எனப்படும் சிறு ஓநாயோ அவ்விரைவை எட்ட வல்லனவல்ல. அவ்வாறாயின் இத்துணை விரைவு எதற்காக? ஜான் பையர்ஸ் என்னும் ஆய்வாளர் 1997ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு விடை கண்டார். பன்னீராயிரம் ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோன சிறுத்தையொத்த கொடுவிலங்குகளிடமிருந்து தப்பிக்கக் கற்ற ஓட்டம், அவை மறைந்த பின்னரும் மறையவில்லை என்பது அவர் கருத்து. அக்கொடுவிலங்கு சமவெளியில்தான் வேட்டையாடிற்றா என்பது குறித்துப் பிற்கால ஆய்வுகள் சில ஐயம் எழுப்பியுள்ளன. எனினும், இல்லாத பகைக்கு அஞ்சி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் விலங்கு என்னும் எண்ணம் உள்ளத்தை விட்டு அகல்வதன்று.

கூடி வேட்டையாடிய காலம்

லூயிசும் கிளார்க்கும் 'கண்டுபிடித்த' விலங்கைப் பழங்குடி மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக அறிந்திருந்தனர். வயோமிங்கின் மேற்குப் பகுதியில் பைன்டேல் ஊரருகே 'டிராப்பர்ஸ் பாயின்ட்' என்னும் இடத்தில் நிகழ்ந்த அகழாய்வு, ஆறாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட கவைக்கொம்பு மான் எலும்புகளை வெளிக்கொணர்ந்தது. அவற்றுள் பிறவாக் குட்டிகளின் எலும்புகளும் இருந்தமையால், வேட்டை வேனிலின் தொடக்கத்தில் நடந்தது என ஆய்வாளர் உய்த்துணர்ந்தனர். குளிர்கால மேய்ச்சல் நிலத்திலிருந்து மலைப்பகுதி நோக்கி மந்தைகள் பெயரும் காலம் அதுவே. அதே குறுகிய வழியாகத்தான் இன்றும் அவை பெயர்ந்து செல்கின்றன. ஆறாயிரம் ஆண்டுகள் மாறாத வழித்தடம் இது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

ஷோஷோனி, பையூட் முதலிய மக்கள் பெருவடிநிலப் பகுதியில் நிகழ்த்திய வேட்டை, கூட்டு வேட்டையாகும். நறுமணப் புதராகிய சேஜ் செடியையும் மரக்கட்டைகளையும் கொண்டு வட்டமான வேலி அமைப்பர். அதன் வாயிலிலிருந்து இருபுறமும் நீண்ட கைகள் போல் வேலி விரியும். ஆடவர், மகளிர், சிறுவர் என அனைவரும் சூழ்ந்து நின்று மந்தையை உள்ளே செலுத்துவர். விலங்கின் உள்ளத்தைக் கவரும் ஆற்றலுடையவர் எனக் கருதப்பட்ட ஒருவர் சடங்குகளால் வேட்டையை நடத்துவார். இதனை ஜூலியன் ஸ்டூவர்ட் என்னும் மானிடவியலார் 1938ஆம் ஆண்டு வெளியிட்ட தம் ஆய்வில் விரிவாகப் பதிவு செய்துள்ளார்.

அவ்வேலியின் நுட்பம் ஒன்று குறிப்பிடத்தக்கது. இத்துணை விரைந்தோடும் விலங்கு உயரத் தாவும் வழக்கமுடையதன்று. திறந்த வெளியில் பிறந்து வளர்ந்த அதற்குத் தடையைத் தாண்டும் தேவை நேர்ந்ததில்லை. ஆதலின் உயரம் குறைந்த புதர்வேலியே அதற்குச் சிறையாகப் போதுமானதாயிற்று. இவ்வியல்பே பின்னர் அதன் அழிவிற்கும் ஒரு காரணமாயிற்று.

கூட்டு வேட்டையில் கிடைத்த இறைச்சி கூட்டாகவே பகிரப்பட்டது. ஒருமுறை பெருவேட்டை நிகழ்ந்தபின், மந்தை பெருகும்வரை அவ்விடத்தில் பல ஆண்டுகள் வேட்டை நிகழாது. பகிர்ந்தது போக எஞ்சியது மெல்லிய கீற்றுகளாக அரியப்பட்டு வெயிலிலும் புகையிலும் உலர்த்தப்பட்டது. தோலைப் பதப்படுத்துவதும் இறைச்சியை உலர்த்துவதும் பெரும்பாலும் பெண்டிர் பணியாக இருந்தன. வேட்டையைப் பற்றிய நூல்கள் வில்லையும் அம்பையும் புகழும் அளவிற்கு அப்பெண்டிரின் கத்தியையும் உலர்த்தும் பரணையும் புகழ்வதில்லை. ஆனால் வீழ்த்திய விலங்கு குளிர்கால உணவாக மாறியது அவர்தம் கைகளில்தான்.

வேலியும் இருப்புப்பாதையும்

ஐரோப்பியர் வருகைக்கு முன் கவைக்கொம்பு மான்கள் சில கோடி இருந்திருக்கும் என மதிப்பிட்டவர் உண்டு. அம்மதிப்பீடுகள் உறுதியற்றவை. ஆனால் அதன்பின் நேர்ந்த வீழ்ச்சியின் பெருமை ஐயத்திற்கு இடமற்றது. 1869ஆம் ஆண்டு கண்டத்தைக் குறுக்கே கடக்கும் இருப்புப்பாதை நிறைவுற்றது. பாதை அமைத்தோர்க்கும், சுரங்கத் தொழிலாளர்க்கும், புதிதாய் எழுந்த ஊர்களுக்கும் இறைச்சி தேவைப்பட்டது. விற்பனைக்காகவே வேட்டையாடும் கூட்டம் பெருகியது. கூட்டு வேட்டைக்குச் சடங்கும் இடைவெளியும் எல்லையாக நின்றன. சந்தை வேட்டைக்கோ அத்தகைய எல்லை ஏதும் இருக்கவில்லை.

1874ஆம் ஆண்டு ஜோசப் கிளிடன் என்பார் முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த சில பதிற்றாண்டுகளில் மேய்ச்சல் நிலங்கள் கம்பிவேலிகளால் துண்டாடப்பட்டன. தாவ முற்படாத விலங்கு வேலியின் அடியில் நுழைய முயன்றது. நுழைய இயலாதவிடத்துப் பனிப்புயலில் சிக்கி மடிந்தது. 1922 முதல் 1924 வரை எட்வர்டு நெல்சன் தலைமையில் எடுக்கப்பெற்ற கணக்கு, கனடா, மெக்சிகோ உட்பட ஏறத்தாழ 30,000 விலங்குகளே எஞ்சியிருந்தன எனக் காட்டிற்று. காட்டெருமையைப் போன்றே கவைக்கொம்பு மானும் மறைந்துவிடும் எனப் பலர் கருதிய காலம் அது.

தடையும் மீட்பும்

அழிவைத் தடுக்க முற்பட்டோருள் வேட்டையாடுவோரே முன்னின்றனர் என்பது முரண்போலத் தோன்றும் உண்மையாகும். 1887ஆம் ஆண்டு தியோடர் ரூஸ்வெல்ட், ஜார்ஜ் பேர்டு கிரின்னல் முதலியோர் 'பூன் அண்டு கிராக்கெட்' கழகத்தைத் தோற்றுவித்தனர். 1900ஆம் ஆண்டின் லேசி சட்டம், மாநிலச் சட்டத்துக்கு மாறாகக் கொன்ற விலங்கின் இறைச்சியை மாநில எல்லை கடந்து விற்பதைக் குற்றமாக்கியது. மாநிலங்கள் பல இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்விலங்கின் வேட்டையை முற்றிலும் நிறுத்தின. நெவாடாவில் 1931ஆம் ஆண்டிலும், ஆரிகனில் 1936ஆம் ஆண்டிலும் இதற்கெனப் புகலிடங்கள் அமைந்தன.

இவற்றினும் நிலைத்த பயன் தந்தது 1937ஆம் ஆண்டின் பிட்மன்–ராபர்ட்சன் சட்டமாகும். நீண்ட துப்பாக்கிகள், வெடிபொருள் ஆகியவற்றின்மீதான தீர்வைத் தொகையை மாநிலங்களின் வனவிலங்குப் பாதுகாப்புக்கு அது ஒதுக்கியது. வேட்டை உரிமக் கட்டணத்தை வேறு செலவுகளுக்குத் திருப்பும் மாநிலம் அத்தொகையைப் பெற இயலாது என்றும் விதித்தது. இவ்வாறு வேட்டையாடுவோர் செலுத்தும் பணமே வேட்டைவிலங்கின் வளர்ச்சிக்கு முதலாயிற்று. விலங்குகளைப் பிடித்து, அவை அழிந்துபோன இடங்களில் மீண்டும் விடும் பணியும் நடந்தது. 1980களில் கவைக்கொம்பு மான்களின் எண்ணிக்கை ஏறத்தாழப் பத்து இலட்சத்தை எட்டியது. அவற்றுள் பெரும்பங்கு வயோமிங்கில் இருந்தது. எனினும் அமெரிக்க–மெக்சிகோ எல்லைப் பாலைநிலத்தில் வாழும் சோனோராக் கிளையினம் 1967ஆம் ஆண்டு முதல் அழிவுக்குள்ளாகும் இனப்பட்டியலிலேயே இருந்து வருகிறது. மீட்சி எங்கும் ஒருபடித்தாக நிகழவில்லை.

உரிமை இழந்தோர்

மீட்பின் வரலாற்றுக்கு இருண்ட பக்கமும் ஒன்று உண்டு. விலங்கைக் காக்க வந்த சட்டம், முதலில் அதனை நம்பி வாழ்ந்தோர்மீதே பாய்ந்தது. 1868ஆம் ஆண்டு ஃபோர்ட் பிரிட்ஜரில் நிறைவேறிய உடன்படிக்கையால், குடியேற்றமற்ற அரசு நிலங்களில் வேட்டையாடும் உரிமை ஷோஷோனி, பானக் மக்களுக்கு உறுதியளிக்கப்பட்டது. வயோமிங் 1890ஆம் ஆண்டு மாநிலமாயிற்று. 1895ஆம் ஆண்டுக் கோடையில், மாநில வேட்டைச் சட்டத்தை மீறினர் எனக் கூறி ஜாக்சன் ஹோல் பகுதிக் குடியேறிகள் ஒரு பானக் குழுவினரைச் சிறைப்பிடித்தனர். அவர்கள் தப்ப முயன்றபோது முதியவர் ஒருவர் சுடப்பட்டு இறந்தார்.

அவ்வாண்டு எல்க் மான்கள் ஏழினைக் கொன்றதாக ரேஸ் ஹார்ஸ் என்னும் பானக் மனிதர்மீது வழக்கு எழுந்தது. 1896ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம், வயோமிங் மாநிலமானதோடு உடன்படிக்கை உரிமை மறைந்துவிட்டது எனத் தீர்ப்பளித்தது. தலைமுறை தலைமுறையாக உணவுக்கு வேட்டையாடியவர் ஒரே நாளில் குற்றவாளியாயினர். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அத்தீர்ப்பு நிழலிட்டு நின்றது. குரோ இனத்தைச் சார்ந்த ஹெர்ரேரா என்பவரின் வழக்கில் 2019ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம், மாநிலத் தகுதி பெறுவதால் மட்டும் உடன்படிக்கை உரிமை அழியாது என விளக்கிப் பழைய கருத்தைக் கைவிட்டது. அவரும் வேட்டையாடியது குடும்பத்தின் உணவிற்காகவே. ஒன்பது நடுவருள் ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாகப் பிரிந்து நின்ற தீர்ப்பு அது என்பதனையும் நோக்குதல் வேண்டும். ஃபிரீசரை நிறைக்கும் எளிய உரிமை, எல்லோர்க்கும் எளிதாகக் கிட்டியதன்று.

உறைகுளிரின் வருகை

வேட்டுவன் தனியனாக ஆனதற்குச் சட்டம் ஒரு காரணம் என்றால், உறைகுளிர்க் கருவி மற்றொரு காரணம். ஃபிரீசர் இல்லாத காலத்தில் ஒரு முழு விலங்கின் இறைச்சியைப் புதிதாகவே வைத்துண்ண ஒரு குடும்பத்தால் இயலாது. பகிர்தல் வேண்டும், அல்லது உலர்த்துதலோ உப்பிடுதலோ வேண்டும். பகிர்வு அறமாக மட்டுமன்றிக் கட்டாயமாகவும் இருந்தது.

கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்னும் அமெரிக்கர் 1912ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் லாப்ரடார் பகுதியில் வாழ்ந்தார். அங்கு இனுவிட் மக்கள் பிடித்த மீன் கடுங்குளிரில் நொடிப்பொழுதில் உறைவதையும், திங்கள்கள் கழிந்து உருக்கியபோதும் அதன் சுவை கெடாதிருப்பதையும் கண்டார். மெல்ல உறையும் இறைச்சியில் பெரிய பனித்துகள்கள் தோன்றித் திசுக்களைச் சிதைக்கின்றன. விரைந்து உறைவதில் சிறு துகள்களே தோன்றுகின்றன. இதனை உணர்ந்து அவர் வகுத்த முறையில் உறையவைத்த உணவுப்பொருள்கள், 1930ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் முதன்முறையாகச் சில்லறை விற்பனைக்கு வந்தன. குளிர்நிலத்துப் பழங்குடி மக்களின் பட்டறிவே உலகின் ஃபிரீசர்களுக்கு வித்தாயிற்று எனலாம். ஒரு பழங்குடியின் அறிவு பெட்டிக்குள் வந்தது. வேறொரு பழங்குடியின் உரிமை பெட்டிக்கு வெளியே நின்றது.

பெட்டி மட்டும் இருந்தால் போதாது, மின்சாரமும் வேண்டும். 1930களின் நடுவில் அமெரிக்க உழவர் இல்லங்களில் பத்தில் ஒன்றே மின்வசதி பெற்றிருந்தது. 1935ஆம் ஆண்டு தொடங்கிய ஊரக மின்மயமாக்கல் நிறுவனம் கூட்டுறவுச் சங்கங்களின்வழி மின்கம்பிகளைச் சிற்றூர்களுக்குக் கொண்டு சென்றது. இடைக்காலத்தில் ஊர்தோறும் பொதுக் குளிர்க்கிடங்குகள் தோன்றின. குடும்பத்துக்கு ஓர் அறைப்பெட்டி என வாடகைக்கு எடுத்து, வீட்டு மாட்டிறைச்சியையும் வேட்டை இறைச்சியையும் அதில் வைத்தனர். வாரந்தோறும் அங்குச் சென்று வேண்டிய பொட்டலத்தை எடுத்து வருவர். ஊரார் ஒருவரையொருவர் கண்டு பேசும் இடமாகவும் அது விளங்கிற்று. இரண்டாம் உலகப்போருக்குப் பின் வீட்டு ஃபிரீசர் பரவியதும் அக்கிடங்குகள் ஒவ்வொன்றாய் மறைந்தன. கூட்டு வேலி, பொதுக் கிடங்கு, வீட்டுப் பெட்டி என்னும் மூன்று படிகளில், ஊருக்குரியதாய் இருந்த இறைச்சி ஒரு வீட்டுக்குரியதாயிற்று.

தனி வேட்டையின் நடைமுறை

இன்றைய வேட்டுவர் முதலில் உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பகுதிதோறும் மந்தையின் அளவைக் கணித்து, மாநில வனவிலங்குத் துறை உரிமங்களின் எண்ணிக்கையை வரையறுக்கிறது. விண்ணப்பம் மிகுந்தவிடத்துக் குலுக்கல் முறையில் வழங்குகிறது. கொம்பின் அழகைச் சுவரில் மாட்ட விழைவோர் முதிர்ந்த ஆணை நாடுவர். உணவை நாடுவோர் பெரும்பாலும் பெண்விலங்குக்குரிய கட்டணம் குறைந்த உரிமத்தையே விரும்புவர்.

அடுத்து, நிலம். 1862ஆம் ஆண்டுச் சட்டப்படி இருப்புப்பாதைக் குழுமங்களுக்கு நிலம் ஒரு சதுரம் விட்டு ஒரு சதுரமாக வழங்கப்பட்டது. அதனால் தென் வயோமிங்கில் தனியார் நிலமும் பொது நிலமும் சதுரங்கப் பலகை போல் அமைந்தன. பொதுச் சதுரம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மூலை வழியாகக் கால்வைத்துக் கடப்பது அத்துமீறலா என்னும் வினா நெடுங்காலம் தீராதிருந்தது. தனியார் நிலத்தைத் தொடாமல் அவ்வாறு கடப்பதைத் தடுக்க இயலாது எனக் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. நூற்றறுபது ஆண்டுக்கு முற்பட்ட நிலக்கொடை இன்றைய வேட்டுவரின் அடுத்த காலடியையும் கட்டுப்படுத்துகிறது.

வேட்டையின் அருமை ஓட்டத்தில் இல்லை, பார்வையில் உள்ளது. மறைப்பற்ற வெளியில் நெடுந்தொலைவிலுள்ள அசைவையும் அவ்விலங்கு கண்டுகொள்ளும். ஐயுற்றவுடன் பின்புறத்து வெண்மயிரை விரித்து ஏனையவற்றுக்கு அறிவிக்கும். ஆதலின் வேட்டுவர் பள்ளங்களின் மறைவில், சேஜ் புதர்களுக்கும் சப்பாத்திக் கள்ளிக்கும் இடையே முழங்காலாலும் முழங்கையாலும் ஊர்ந்து செல்ல நேர்கிறது. அருகே சென்றும் தெளிவான இலக்குக் கிட்டாவிடில் சுடாது திரும்புதலே நெறி. காயத்தோடு தப்பும் விலங்கைப் பின்தொடர்ந்து கண்டுபிடிக்கத் துணைக்கு வேறு ஆள் இல்லை.

வீழ்த்தியபின் காலம் பகையாகிறது. செப்டம்பர் வெயில் கடுமையானது. அவ்விலங்கின் மயிர் உட்புழையுடையது. குளிர்காலத்தில் உயிர்காக்கும் அப்போர்வை, இறந்தபின் உடற்சூட்டை வெளியேற விடுவதில்லை. ஆகவே உடனே குடல் நீக்கித் தோலுரித்துப் பனிக்கட்டியில் இட வேண்டும். தாமதித்தால் இறைச்சி வெடுக்கடிக்கும். 'சேஜ் தின்னும் விலங்கு, அதனால்தான் நாற்றம்' எனப் பழியை விலங்கின்மேல் போடுவோர் பலர். முன்பு ஓர் ஊரே பகிர்ந்து செய்த பணிகள் அனைத்தையும், பெண்டிர் வழிவழியாகச் செய்த அரிதலும் பிரித்தலும் உட்பட, இன்று ஒருவரே செய்கிறார். ஏறத்தாழ 45 கிலோ எடையுள்ள விலங்கிலிருந்து எலும்பு நீக்கிய இறைச்சி 15 முதல் 20 கிலோ வரை கிடைக்கும். அதனைப் பொட்டலமாக்கி நாளெழுதி அடுக்கும்போதுதான் வேட்டை முடிவுறுகிறது. உண்ணத்தக்க இறைச்சியைக் களத்தில் வீணே விட்டுச் செல்வது வயோமிங் சட்டப்படி குற்றமாகும்.

ஆனால் மனிதர் வாழாத அவ்வெளியில் இச்சட்டத்தைக் காப்பவர் யார்? வேட்டுவருக்குக் கைதட்டவோ கண்டிக்கவோ பார்வையாளர் இல்லை என்பதனையும், அவரது மனச்சான்றே நடுவராக அமைகிறது என்பதனையும் ஆல்டோ லியபோல்டு என்னும் வனவிலங்கியல் அறிஞர் சுட்டிக்காட்டினார். கூட்டு வேட்டையில் ஊராரின் கண்கள் எல்லையாக நின்றன. தனி வேட்டையில் அவ்வெல்லையை வேட்டுவர் தமக்குள்ளேயே வகுத்துக்கொள்ள வேண்டியுள்ளது.

நிறையாத பெட்டி

2022–23ஆம் ஆண்டுக் குளிர்காலம் மேற்கு வயோமிங்கில் மிகக் கடுமையாக அமைந்தது. ஆழ்ந்த பனி இறுகி மேய்ச்சலை மூடியது. நலிந்த விலங்குகளிடையே நுரையீரலைத் தாக்கும் நோயும் பரவியது. பைன்டேல் பகுதியில் கவைக்கொம்பு மான்கள் நூற்றுக்கணக்கில் மடிந்தன. நெடும்பெயர்ச்சி மேற்கொள்ளும் சப்லெட் மந்தை பெரிதும் குறைந்தது. அவ்வாண்டில் மாநில அரசு உரிமங்களைப் பல ஆயிரம் குறைத்தது. குறைக்க வேண்டும் எனக் குரல் கொடுத்தோருள் வேட்டையாடுவோரும் இருந்தனர். இறைச்சியை எதிர்நோக்கியிருந்த பல வீடுகளில் பெட்டி நிறையவில்லை.

பனி மட்டுமே காரணமன்று. பெயர்ச்சி வழியில் வேலிகளும் நெடுஞ்சாலைகளும் எரிவாயுக் கிணறுகளும் குறுக்கிட்டுள்ளன. பனியிலிருந்து விலகி ஓட வல்ல விலங்கு, ஓட இடமின்றி நின்றுவிடுகிறது. இதனை உணர்ந்து சில நற்பணிகளும் நடந்துள்ளன. 2008ஆம் ஆண்டு அமெரிக்க வனத்துறை இப்பெயர்ச்சி வழியில் தன் ஆட்சிக்குட்பட்ட பகுதிக்குப் பாதுகாப்பு வழங்கியது. 2012ஆம் ஆண்டு டிராப்பர்ஸ் பாயின்டில் நெடுஞ்சாலையின்மேல் விலங்குகளுக்கெனப் பாலம் கட்டப்பட்டது. கம்பிவேலியின் அடிக்கம்பியை, முள்ளின்றி, சற்று உயர்த்திக் கட்டும் பணியில் மேய்ச்சலாளரும் தன்னார்வலரும் ஈடுபடுகின்றனர். தரையிலிருந்து ஒரு முழ அளவு இடைவெளி விட்டால் போதும். தாவாத விலங்கு தவழ்ந்து கடந்துவிடும்.

முடிவாக

பழங்குடி மக்களின் புதர்வேலியிலிருந்து தனி இல்லத்தின் ஃபிரீசர்வரை நீளும் இவ்வரலாறு, கூட்டு வாழ்விலிருந்து தனி வாழ்வுக்கு மாறிய வரலாறாகும். எனினும் ஒற்றை வேட்டுவர் உண்மையில் ஒற்றையர் அல்லர். அவர் கையிலுள்ள உரிமச் சீட்டில் ஒரு நூற்றாண்டுச் சட்டம் உள்ளது. அவர் வாங்கிய தோட்டாவின் விலையில் 1937ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கிய தீர்வை உள்ளது. அவர் நடக்கும் நிலத்தில் ஷோஷோனி, பானக், குரோ மக்கள் இழந்ததும் மீட்டதுமாகிய உரிமை உள்ளது. அவரது பெட்டியின் குளிரில் இனுவிட் மீனவரின் அறிவு உள்ளது. முன்னர்க் கூட்டம் கண்ணுக்குத் தெரிந்தது, இன்று தெரியவில்லை. வேறுபாடு அவ்வளவே.

பெட்டி நிறைந்த ஆண்டுகளில் இவ்வுண்மை எளிதில் மறக்கப்படுகிறது. நிறையாத ஆண்டே அதனை நினைவூட்டுகிறது. பெருவேட்டைக்குப் பின் மந்தை பெருகும்வரை காத்திருந்த பழங்குடி மக்களின் பொறுமையும், உரிமத்தைக் குறைக்குமாறு கேட்ட இன்றைய வேட்டுவரின் பொறுமையும் ஒரே அறத்தின் இரு வடிவங்கள் ஆகும். டிராப்பர்ஸ் பாயின்டில் ஆறாயிரம் ஆண்டுக்கு முன் மந்தைகள் நடந்த அதே வழியில், இன்று நெடுஞ்சாலைமேல் அமைந்த பாலத்தின்மீது அவற்றின் வழித்தோன்றல்கள் நடக்கின்றன. அந்நடை தொடரும்வரையில்தான் வேட்டையும் தொடரும், பெட்டியும் நிறையும்.